வார இறுதியில் ஒரு விண்படை: பலகை விளையாட்டுக் கப்பல்களுக்கு விரைவாக வண்ணம் பூசும் முறை

'ட்வைலைட் இம்பீரியம்' என்ற விண்வெளிப் பலகை விளையாட்டின் நான்காம் பதிப்புப் பெட்டியை வாங்கிவந்து, உருவங்களுக்கு வண்ணம் பூசலாம் என்று ஆசையோடு உட்காருபவரை முதலில் மிரள வைப்பது எண்ணிக்கைதான். மொத்தம் 354 பிளாஸ்டிக் உருவங்கள். ஆறு ஆட்டக்காரர்களுக்கு ஆறு நிறம், நிறத்துக்கு 59. அவற்றில் காலாட்படை, கோள் பாதுகாப்புப் பீரங்கி, விண்துறை ஆகிய 21-ஐத் தள்ளிவிட்டால் மீதி 38-ம் விண்கப்பல்கள்: 10 ஃபைட்டர், 8 டெஸ்ட்ராயர், 8 குரூஸர், 5 ட்ரெட்நாட், 4 கேரியர், 2 வார் சன், 1 ஃப்ளாக்‌ஷிப். ஆறு நிறத்துக்கும் சேர்த்தால் 228 கப்பல்கள்.

கப்பலுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் 228 மணி நேரம் ஆகும். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு ஏழரை மாத வேலை. பல வீடுகளில் இந்தப் பெட்டி வண்ணம் காணாமலே இருப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. தொடங்கும்போதே தவறான கணக்கைப் போட்டுவிடுவதுதான். கண்காட்சியில் வைக்கும் ஒற்றைச் சிலைக்கு உரிய முறை வேறு, மேசையில் கூட்டமாக நகரும் படைக்கு உரிய முறை வேறு. இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது.

பிளாஸ்டிக்கின் நிறமே முதல் பூச்சு

வழக்கமான வண்ணப் பாடம் எல்லாமே பிரைமரில்தான் தொடங்கும். உருவத்தை முழுக்கக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மூடிவிட்டு, அதன் மேல் வேண்டிய நிறத்தைப் பூச வேண்டும். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் வரும் போர் விளையாட்டு உருவங்களுக்கு அது சரி. ட்வைலைட் இம்பீரியத்தின் கப்பல்களோ மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, ஊதா, கறுப்பு என்று நிறத்தோடேயே வருகின்றன. யாருடைய கப்பல் எது என்று மேசையில் அடையாளம் காட்டுவது இந்த நிறம்தான். அதை வெள்ளைப் பிரைமரால் மறைத்துவிட்டு, அதே மஞ்சளைத் திரும்பவும் பூசுவது இரட்டை வேலை.

ஆகவே விரைவு முறையின் அடிப்படை எளிது: பிளாஸ்டிக்கின் நிறத்தை முதல் பூச்சாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளங்களை இருட்டாக்க ஒரு வாஷ், மேடுகளை வெளிச்சமாக்க ஒரு டிரை பிரஷ், எஞ்சினுக்கு ஒரு துளி ஒளி. இந்த மூன்றும் போதும். இவற்றுக்கு முன்னும் பின்னும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒவ்வொரு கை.

இதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. வண்ணம் எங்காவது உரிந்தாலும் உள்ளே தெரிவது அதே நிறப் பிளாஸ்டிக்தான். பலர் கைபட்டு நகரும் கப்பல்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தேவையான சாமான்கள்

கடையில் வாங்க வேண்டியவை குறைவு. மேட் வார்னிஷ் ஸ்பிரே ஒன்று, படையின் நிறத்துக்கு ஏற்ற வாஷ் ஒன்று, வெளிர் அக்ரிலிக் வண்ணம் ஒன்று, வெள்ளை, எஞ்சினுக்குப் பிடித்த நிறம் ஒன்று. வாஷ் என்பது பள்ளத்தில் தேங்கிக் காய்வதற்கென்றே மிக நீர்மமாகத் தயாரிக்கப்பட்ட வண்ணம். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் விற்கும் சிட்டடெல் வரிசையில் 'நுல்ன் ஆயில்' கறுப்பு வாஷ், 'அக்ராக்ஸ் எர்த்ஷேட்' பழுப்பு வாஷ். ஸ்பெயினின் வயெஹோ, டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் ஆகியவையும் இதே வகையை விற்கின்றன.

இவை கிடைக்காத ஊரில் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். ஒரு பங்கு அக்ரிலிக் வண்ணத்தோடு, மேட் மீடியமும் (நிறமில்லாத அக்ரிலிக் கலவை) தண்ணீரும் சம அளவில் கலந்த எட்டுப் பங்கைச் சேர்த்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் தோய்த்த ஈர்க்குச்சியால் கலக்க வேண்டும். சோப்பு, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் வண்ணம் முத்து முத்தாக நிற்காமல் பள்ளத்துக்குள் ஓடும். டிரை பிரஷ்ஷுக்கு விலை உயர்ந்த வண்ணம் வேண்டியதே இல்லை. கேம்லின், ஃபெவிக்ரில் போன்ற கைவினை அக்ரிலிக் போதும்.

பிரஷ்களில் வாஷ் பூச நடுத்தர அளவு உருண்டைப் பிரஷ் ஒன்று, எஞ்சின் புள்ளிக்கு மெல்லியது ஒன்று. டிரை பிரஷ்ஷுக்கு மிகப் பொருத்தமானது அழகு சாதனக் கடையில் விற்கும் மேக்கப் பிரஷ். மயிர் அடர்த்தியாகவும் மிருதுவாகவும் நுனி உருண்டையாகவும் இருப்பதால் கோடு விழாமல் சீராகப் பூசும். மீதியெல்லாம் வீட்டில் இருப்பவை: பழைய டூத்பிரஷ், ஐஸ்குச்சிகள், இரட்டைப் பக்க டேப், அட்டைத் துண்டு, டிஷ்யூ பேப்பர்.

வெள்ளி இரவு: குளியலும் வரிசையும்

அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய்ப் பசை சில உருவங்களில் ஒட்டியிருக்கும். அதன் மேல் எந்த வண்ணமும் பிடிக்காது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் 38 கப்பல்களையும் போட்டு, டூத்பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசித் துணியில் பரப்ப வேண்டும். கொதிநீர் கூடாது, மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். ஏற்கெனவே வளைந்து வந்திருக்கும் மூக்கையோ இறக்கையையோ மட்டும் சுடுநீரில் சில விநாடி காட்டி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே நிற்கும்.

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு இருக்கும். எல்லாக் கப்பலிலும் அதைச் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ட்ரெட்நாட், கேரியர், ஃப்ளாக்‌ஷிப் மூன்றிலும் மேலிருந்து பார்த்தால் தெரியும் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும். ஃபைட்டர்களை விட்டுவிடலாம். ஆட்டத்திலேயே ஃபைட்டர் எண்ணிக்கையைக் காட்ட அட்டை வில்லைகளும் உண்டு; ஒரு பிளாஸ்டிக் ஃபைட்டர் நின்றால் மீதியை வில்லைகள் ஈடுகட்டும். நகத்தளவு உருவத்துக்கு அதிக நேரம் கொடுப்பது வீண்.

காய்ந்த பிறகு ஐஸ்குச்சியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, சிறு கப்பல்களை ஒரு குச்சிக்கு ஐந்து வீதம் நிறுத்த வேண்டும். பெரிய கப்பல்களுக்குத் தனித் தனி பாட்டில் மூடி. கை கப்பலைத் தொடாமல் குச்சியையும் மூடியையும் மட்டுமே தொடும்படி இருப்பது, வேகத்துக்கும் சுத்தத்துக்கும் ஒருசேர உதவும்.

சனி காலை: மேட் வார்னிஷ்

வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் வாஷ் வழிந்தோடும். மேட் வார்னிஷ் பூசிய பரப்பு மிக நுண்ணிய அளவில் சொரசொரப்பாக இருப்பதால் வாஷைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு கை ஸ்பிரேதான் பிரைமரின் வேலையைச் செய்கிறது.

டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கை ஓரிடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் வீசியபடி மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு ஃபைட்டரில் அடித்துக் காய விட்டுப் பார்ப்பது அவசியம். சில மென்மையான பிளாஸ்டிக்குகள் சில ஸ்பிரேக்களோடு சேர்ந்தால் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். வேலை மொட்டை மாடியில் அல்லது காற்றோட்டமான வெளியில், முகக்கவசத்தோடு, அடுப்புக்கும் நெருப்புக்கும் எட்டாத தொலைவில் நடக்க வேண்டும்.

கடலோர ஊர்க்காரர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஈரப்பதம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மழை விட்ட மாலையில் மேட் வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் படலம் பூத்தாற்போல் மங்கிப்போகும். வெயில் ஏறிய முற்பகல் நல்ல நேரம். படலம் விழுந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். பளபளப்பான கிளாஸ் வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லப் பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறகு நல்ல வெயிலில் மேட் வார்னிஷை மறுபடி அடிக்கலாம்.

சனி மதியம்: வாஷ்

எல்லா நிறத்துக்கும் கறுப்பு வாஷ் என்பது பலர் செய்யும் பிழை. நீலத்துக்கும் பச்சைக்கும் கறுப்பு ஒத்துப்போகும். மஞ்சளில் அது எண்ணெய்க் கறைபோல் அழுக்காகத் தெரியும். காப்பிப்பொடி நிறப் பழுப்பு அங்கே பொருந்தும். சிவப்புக்கு அரக்கு அல்லது அடர் பழுப்பு. ஊதாவுக்கு அடர் ஊதா அல்லது கறுப்பு. கறுப்புக் கப்பலுக்கு வாஷே வேண்டாம், பூசினாலும் தெரியாது.

ஒரு மஞ்சள் ட்ரெட்நாட்டை அருகில் வைத்துப் பார்த்தால் இந்தப் படி விளங்கும். பிரஷ்ஷில் பழுப்பு வாஷைத் தாராளமாக எடுத்து முதுகில் வைத்ததும் கப்பல் முழுக்க ஈரப் பழுப்பாகி, கெடுத்துவிட்டோமோ என்று தோன்றும். அரை நிமிடத்தில் திரவம் மேடுகளிலிருந்து இறங்கத் தொடங்குகிறது. தகடுகளுக்கு இடையிலுள்ள கோடுகள் ஒவ்வொன்றாக இருண்டு, யாரோ மெல்லிய பேனாவால் வரைந்ததுபோல் எழுந்து வருகின்றன. அகலமான தட்டைப் பரப்பில் மட்டும் சிறு குட்டையாகத் தேங்கி நிற்கும். அங்கேதான் கை வேண்டும். பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றி, ஈரம் மட்டும் மிஞ்சிய நுனியால் குட்டையின் நடுவைத் தொட்டால் திரவத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். இதைச் செய்யத் தவறினால், தரையில் கொட்டிய காப்பி காய்ந்தாற்போல் விளிம்பில் வளையம் விழும்.

ஒரு கப்பலுக்கு ஒரு நிமிடம் போதும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் வைக்கக் கூடாது. பூச்சு திட்டுத் திட்டாக உரிந்து வரும். குச்சியை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த குச்சிக்குப் போய்விட வேண்டும். ஒரு கப்பலை முழுதாக முடித்து அடுத்ததைத் தொடுவதற்குப் பதிலாக, எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே படியைச் செய்துகொண்டே போவதுதான் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. கடைசிக் குச்சிக்கு வரும்போது முதல் குச்சி காயத் தொடங்கியிருக்கும். ஆனாலும் அடுத்த படிக்கு இரண்டு மணி நேரமாவது பொறுப்பது நல்லது.

சனி மாலை: டிரை பிரஷ்

ட்வைலைட் இம்பீரியத்தில் ஆறு பேர் ஆடும்போது மேசையில் விரிவது 37 அறுகோண ஓடுகள். அவற்றில் பெரும்பகுதி கரிய விண்வெளி. அந்த இருட்டில் அடர் நிறக் கப்பல் கரைந்துபோகும். கப்பலின் விளிம்புகள் வெளிச்சமாக இருந்தால்தான் அதன் உருவம் தனித்துத் தெரியும்.

பின்புலம் நிறத்தைத் தீர்மானிப்பது திரைப்படக் கலைஞர்களும் சந்தித்த விஷயம். 1977-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு மாதிரிக் கப்பல்களைச் செய்தவர்கள், எக்ஸ்-விங் விமானங்களுக்கு முதலில் நினைத்தது நீல அடையாளம். படப்பிடிப்பு நீலத் திரையின் முன் நடந்ததால் நீலக் கோடுகள் பின்புலத்தோடு மறைந்துவிடும் என்று சிவப்புக்கு மாறினார்கள். இன்று உலகம் அறிந்த சிவப்புக் கோடுகள் அப்படி வந்தவை. டாங்கி, விமானம் போன்ற பிளாஸ்டிக் பொம்மைத் தொகுப்புகளின் சிறு பாகங்களைக் கப்பல் உடலில் ஒட்டி அவர்கள் உருவாக்கிய கரடுமுரடான பரப்பு பின்னால் வந்த விண்கப்பல் வடிவங்கள் பலவற்றுக்கு முன்மாதிரி. இத்தகைய பரப்புக்கு டிரை பிரஷ் கச்சிதமான பொருத்தம்; மேடு அதிகமாக இருக்க இருக்க அதன் பலன் கூடும்.

முறை இதுதான். வெளிர் வண்ணத்தை மேக்கப் பிரஷ்ஷின் நுனியில் தொட்டு, அட்டைத் துண்டில் தேய்த்துத் தேய்த்து ஏறக்குறைய முழுவதையும் நீக்கிவிட வேண்டும். கட்டைவிரலில் தடவினால் ரேகையின் மேடுகள் மட்டும் லேசாக வெளுக்க வேண்டும். பட்டையாகக் கோடு விழுந்தால் இன்னும் துடைக்க வேண்டும் என்று பொருள். பிறகு தகட்டுக் கோடுகளுக்குக் குறுக்கே, தூசி தட்டுவதுபோல் மென்மையாக வீச வேண்டும். அழுத்தினால் வண்ணம் பள்ளத்துக்குள் போய் வாஷின் பயனைக் கெடுத்துவிடும். ஒரு கப்பலுக்கு அரை நிமிடம்.

வெளிர் நிறத்தைத் தேர்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடிப்படை நிறத்தோடு வெள்ளையைக் கலப்பது எல்லா இடத்திலும் சரிவராது. மஞ்சளுக்குச் சந்தன நிறம். நீலத்துக்கு ஆகாய நீலம். பச்சைக்குக் கிளிப்பச்சை. ஊதாவுக்கு வெளிர் கத்தரிப்பூ நிறம். சிவப்பில் வெள்ளை கலந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். அதனால் செம்மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பை எடுக்க வேண்டும். கறுப்புக்கு இரண்டு சுற்று: முதலில் நீலம் கலந்த அடர் சாம்பல் பரவலாக, பிறகு வெளிர் சாம்பல் விளிம்பில் மட்டும்.

2020-ல் வந்த 'ப்ராஃபெஸி ஆஃப் கிங்ஸ்' விரிவாக்கத்தையும் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் சேர்ந்து எட்டு நிறமாகின்றன. சிவப்புப் படை ஆரஞ்சாகவும், ஊதாப் படை இளஞ்சிவப்பாகவும் தெரிந்துவிடக் கூடாது. டிரை பிரஷ் முடிந்ததும் நான்கு நிறக் கப்பல்களையும் அருகருகே நிறுத்தி, இரவு விளக்கொளியில் கை நீளத் தூரத்திலிருந்து பார்ப்பதே சரியான சோதனை. ஆட்டம் நடக்கப்போவது அந்த வெளிச்சத்தில், அந்தத் தூரத்தில்தான்.

ஞாயிறு காலை: எஞ்சினில் உயிர்

இதுவரை செய்தது கப்பலுக்கு உருவம் கொடுத்தது. உயிர் கொடுப்பது எஞ்சின் ஒளி. பின்புறத்து எஞ்சின் வாயில் முதலில் வெள்ளைப் புள்ளி வைத்துக் காய விட வேண்டும். அதன் மேல் தண்ணீர் கலந்து மெல்லியதாக்கிய ஒளிர் வண்ணம். நீலப் படைக்கு ஆரஞ்சு, சிவப்புப் படைக்கு வெளிர் நீலம் என்று எதிர் நிறமாக இருந்தால் பளிச்சென்று தெரியும். கடைசியில் நட்ட நடுவே மிகச் சிறிய வெள்ளைப் புள்ளி. ஒளியின் மையம் எப்போதும் வெளிறியும் ஓரம் நிறமாகவும் இருக்கும். இதை மாற்றிச் செய்தால் எஞ்சின் எரிவதுபோல் தெரியாது, பொட்டு வைத்ததுபோல் தெரியும்.

ஃபைட்டர்களுக்கு இந்தப் படி வேண்டாம். அங்கே மிச்சமாகும் நேரத்தைப் பந்து வடிவ வார் சன்னுக்குக் கொடுக்கலாம். கோள்களையே தாக்கும் அந்த ஆயுதத்தின் பள்ளங்களில் ஒளிர் வண்ணத்தை வாஷ்போல் ஓடவிட்டால், உள்ளே நெருப்பு கனல்வதாகத் தோன்றும். ஃப்ளாக்‌ஷிப் ஒவ்வொரு படைக்கும் ஒன்றே ஒன்று; ஆறு படைக்கும் ஒரே வார்ப்பு. முதுகில் நேராக ஒரு வெள்ளைப் பட்டையோ தங்க நிற விளிம்போ கொடுத்துத் தளபதியின் கப்பல் என்று காட்டலாம். கூர் விளிம்புள்ள பட்டைக்கு மெல்லிய மாஸ்கிங் டேப்பே போதும்.

மதியம் கடைசி மேட் வார்னிஷ். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவே அரை மணி நேர இடைவெளி. ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே பெட்டிக்குள் போட வேண்டும். நிறத்துக்கு ஒரு தனி டப்பா வைத்துக்கொண்டால் உராய்வும் குறையும்.

வேறு பெட்டிகளுக்கு

ஃபின்லாந்தின் டௌக்கோ டாஹ்கோகல்லியோ வடிவமைத்த 'எக்லிப்ஸ்' விளையாட்டின் இரண்டாம் பதிப்பிலும் கப்பல்கள் ஆட்டக்காரரின் நிறத்தில்தான் வருகின்றன. ஆளுக்கு 14 கப்பலும் 4 விண்தளமும் என்பதால் வேலை இன்னும் குறைவு. 2015-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்: ஆர்மடா' வேறு மாதிரி. பெரிய கப்பல்கள் வண்ணம் பூசப்பட்டே வரும்; சிறு போர் விமானங்கள் மட்டும் ஒற்றை நிறப் பிளாஸ்டிக்காக வரும். பெரியவற்றோடு சிறியவை ஒத்துப்போக வேண்டுமானால் அங்கே வெளிர் சாம்பல் பிரைமரில் தொடங்குவது நல்லது.

வெளிர் பிரைமர் அடித்த பரப்புக்கு 2019-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கொண்டுவந்த 'கான்ட்ராஸ்ட்' வகை வண்ணங்கள் இன்னொரு குறுக்கு வழி. நிறமும் நிழலும் ஒரே பூச்சில் விழும். ஆனால் இவை வளைவுகளிலும் மடிப்புகளிலும்தான் அழகு. அகலமான தட்டைத் தகடுகளில் திட்டுத் திட்டாக நிற்கும். தட்டைப் பரப்பு அதிகமுள்ள விண்கப்பலுக்கு வாஷும் டிரை பிரஷ்ஷும் சேர்ந்த முறையே பாதுகாப்பானது.

இனி கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். வாஷுக்கு ஒரு நிமிடம், டிரை பிரஷ்ஷுக்கு அரை நிமிடம், எஞ்சினுக்கு அரை நிமிடம். கப்பலுக்கு இரண்டு நிமிடம் வீதம் ஒரு படைக்கு 76 நிமிடம். ஆறு படைக்கும் 456 நிமிடம், அதாவது ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ட்வைலைட் இம்பீரியத்தின் ஒரு ஆட்டம் முடிவதற்கு ஆகும் நேரம் நான்கிலிருந்து எட்டு மணி வரை. கழுவுவது, வார்னிஷ் அடிப்பது, காய்வது ஆகியவற்றின் நேரத்தை நீக்கிவிட்டால், ஒரு முழு ஆட்டம் ஆடும் நேரத்தில் அந்தப் பெட்டியின் 228 கப்பல்களுக்கும் வண்ணம் பூசிவிடலாம்.

முதல் படையாக நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷின் தவறுகளை அதிகம் காட்டிக்கொடுக்காத நிறம் அது. ஃபைட்டர்களில் தொடங்கி, கை பழகிய பிறகு பெரிய கப்பல்களுக்குப் போங்கள். மஞ்சளையும் ஃப்ளாக்‌ஷிப்பையும் கடைசிக்கு வையுங்கள்.